பாதிப் பிரசங்கம்

பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்குச் சுகம். அம்மாவைப் பற்றி அப்படி எழுத முடியாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாம்தான். ஆனால் நம் வீட்டில் இருப்பது பலகைத் தடுப்பு. அம்மாவுக்கு முதுகெலும்பில் நோய் வந்ததே தவிர காதுக்கு ஒன்றும் வரவில்லை. நான் இந்தப் பக்கம் முணுமுணுத்தால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். அதனால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், துணி மடிக்கிற மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சொல்லித்தருகிற முதல் பாடம், மெஷினில் போடும் முன்பு ஒவ்வொரு துணியின் பையையும் தடவிப் பார்ப்பது. ஊசி இருக்கும், கத்தரி இருக்கும், ஒருமுறை ஒரு பெரிய டாக்டரின் பல்செட்டே இருந்தது. அந்தப் பழக்கத்தில் வீட்டுத் துணியையும் தடவுவேன். நேற்று அம்மாவின் நைட்டிப் பையில் கைக்குட்டை முடிச்சு ஒன்று கிடைத்தது. அவிழ்த்துப் பார்த்தால் வலி மாத்திரைகள். எச்சில் பட்டு, ஓரம் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நான் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, விழுங்கியாயிற்றா என்று கேட்டு, அவள் தலையாட்டியதை நம்பி வேலைக்குப் போயிருக்கிறேன். அவள் நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, நான் படி இறங்கியதும் துப்பியிருக்கிறாள்.

"ஏம்மா இப்படிப் பண்ற? மாத்திர ஒத்துக்கலையா?" என்று கேட்டேன்.

"நல்லா ஒத்துக்குது. அதனாலதான் வேணாங்கறேன்."

"புரியற மாதிரி சொல்லு."

"சிலுவைல அறையறதுக்கு முன்னாடி அவருக்குக் கசப்பு கலந்த திராட்சரசத்த நீட்டினாங்க. வலி தெரியாம இருக்கட்டும்னு. அவர் ருசி பாத்துட்டு வேணாம்னுட்டார். முழுசா அனுபவிச்சார். சின்னவன் எவ்வளவு அழகாச் சொல்லியிருக்கான்! நீதான் கேக்க மாட்டேங்கற."

சின்னவன் என்றால் நீதான், போதகர் ஐயா. சிலுவைப்பாடுகளைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிப் பதிவு செய்து அனுப்பினாயே, அதைத்தான் தலையணைக்கு அடியில் வைத்துத் தினமும் கேட்கிறாள். உங்கள் வலியை வீணாக்காதீர்கள், நீங்கள் நேசிக்கிற ஒருவருக்காக அதைச் சிலுவையடியில் வையுங்கள் என்று நீ போடுகிற சத்தம் எனக்கும் மனப்பாடம். நல்ல குரல் உனக்கு. அந்தக் குரலை வைத்துப் பெற்ற தாயின் வாயிலிருந்து மாத்திரையைப் பிடுங்கியிருக்கிறாய்.

உடனே அவளிடம் பேசு. மாத்திரை சாப்பிடச் சொல்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அக்கா


மார்ச் 9

அன்பான அக்காவுக்கு,

சமாதானம் உண்டாவதாக. இங்கே அனைவரும் கர்த்தரின் கிருபையால் சுகம். சபையில் விசேஷக் கூட்டங்கள் நடப்பதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

உன் கடிதம் மனதைப் பிசைந்தது. மருந்து சாப்பிடக் கூடாது என்று நான் எங்கும் சொன்னதில்லை. வைத்தியரின் கையும் தேவனுடைய கைதான். ஆனாலும் அக்கா, ஒன்றை யோசித்துப் பார். நான் ஆஸ்பத்திரிகளுக்கு ஜெபிக்கப் போகிறவன். வலியில் சபிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், எனக்கு ஏன் இது என்று சுவரில் முட்டிக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வலியைவிட அது எதற்கென்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களைக் கொன்றது. அம்மாவுக்கு அந்த "எதற்கு" கிடைத்திருக்கிறது. அதை மிதித்துவிடாதே. அம்மாவின் விசுவாசம் சின்ன விசுவாசம் இல்லை.

இருவருக்காகவும் ஜெபிக்கிறேன். கூட்டங்கள் முடிந்ததும் அம்மாவிடம் பேசுகிறேன். உன் உடம்பையும் பார்த்துக்கொள், நீராவியில் நின்று நின்று இளைத்துவிட்டாய் என்று அம்மா வருத்தப்பட்டார்கள்.

உன் தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகம் என்பதும் தெரிந்தது. பெரிய மனது பண்ணி ஜெபிக்கிறாய், நன்றி.

இத்தோடு ஒரு பொட்டலம் வரும். உள்ளே ஒரு துண்டு இருக்கிறது. துவைத்து இஸ்திரி போட்டுத்தான் அனுப்புகிறேன், கூசாமல் பிரி. அம்மாவைப் புரட்டி முதுகு துடைக்கும்போது அதைச் சுருட்டிப் பற்களுக்கு இடையில் வைத்துக்கொள்கிறாள். கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமாம், விசுவாசத்தின் சாட்சி கெட்டுப்போகுமாம். பல் பதிந்த இடத்தில் நூல் அறுந்து ஓட்டை விழுந்திருக்கிறது. அதில் விரலை விட்டுப் பார். மிதிக்காதே என்று எனக்கு எழுதினாயே, அதற்குப் பிறகு அந்தத் துண்டை மேடையில் முகம் துடைக்க வைத்துக்கொள்.

இரத்தத்தில் கழுவப்பட்டோம் என்று உங்கள் சபையில் உருகி உருகிப் பாடுகிறீர்கள். எனக்கு ஒவ்வொரு நாளும் இரத்தம் தோய்ந்த விரிப்புகள் வண்டி வண்டியாக வருகின்றன. இரத்தத்தை நான்தான் கழுவுகிறேன். அது எதையும் வெளுத்து நான் பார்த்ததில்லை. வேறு எதையாவது பாடக்கூடாதா என்று தோன்றும். கோபத்தில் எழுதுகிறேன், உன் மனைவி படித்தால் மன்னிக்கட்டும்.

நைட்டிகளின் பைகளை எல்லாம் தைத்து மூடிவிட்டேன். மறுநாளே மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மாத்திரை. அதையும் பிடித்துவிட்டேன் என்று தெரிந்ததும் இப்போது ஒளிவுமறைவே இல்லை, வாயைத் திறப்பதே இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டார். "ஒங்க பொண்ணு படற பாட்டப் பாருங்கம்மா" என்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

யாருக்காக இதெல்லாம் என்று கேட்டால் அதற்கும் சுவர்தான் பதில். ஆனால் எனக்குத் தெரியும். உனக்காகத்தான். உன் சபையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள் என்று நீதானே அவளிடம் புலம்பினாய்? அந்தச் சண்டை தீரவேண்டும் என்று இவள் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். அடித்துச் சொல்கிறேன். சின்ன வயதில் நீ கீழே விழுந்தாலும் அவளுக்குத்தான் வலிக்கும். அது இன்னும் மாறவில்லை.

நேரில் வா. குரலை அனுப்பாதே.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் நலத்துக்கும் அம்மாவின் நலத்துக்கும் வேண்டுதல். துண்டு வந்தது. என் மனைவிதான் பிரித்தாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதுதான் உன் நோக்கம் என்றால் நடந்துவிட்டது.

நானும் மனுஷன்தான், எனக்கும் கோபம் வரும். பாடுபடுவதையே நீ பைத்தியக்காரத்தனம் என்கிறாய். ஒருவர் அடிபடாமல் இன்னொருவர் தப்பித்த கதையை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? நீயே விடியுமுன் எழுந்து, அம்மாவைக் கழுவித் துடைத்து, பிறகு போய் நீராவியில் வேகிறாய். அது பாடு இல்லையா? அம்மாவுக்காகத்தானே? நீ செய்தால் அது கடமை, அம்மா செய்தால் மூடத்தனமா? நம்முடைய பாவத்துக்கு ஒருவர் பாடுபட்டார் என்பதை எடுத்துவிட்டால் என்னிடம் பிரசங்கிக்க ஒன்றுமே இல்லை. அவர் பட்டது ஒருமுறை, எல்லாருக்குமாக. நாம் அதோடு கூட்ட வேண்டியது எதுவுமில்லை என்பதும் எனக்குத் தெரியும். நம் வலியை அதன் பக்கத்தில் வைக்கலாம் என்றுதான் சொன்னேன்.

போனில் அம்மாவிடம் பேசினேன். மாத்திரை சாப்பிடுங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். "சரிப்பா" என்றார்கள்.

யாருக்காக என்பதை அம்மாவிடமே கேள். நான் சொல்லக்கூடாது.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

சுகம் விசாரிப்பதெல்லாம் இருக்கட்டும். உன்னிடம் "சரிப்பா" என்று சொல்லி போனை வைத்த கையோடு, நான் நீட்டிய மாத்திரையைத் தட்டிவிட்டாள். அது உருண்டு அலமாரிக்கு அடியில் போயிற்று.

முதலில் உன் கேள்விக்குப் பதில். நான் நீராவியில் நிற்பது துணி வெளுக்க. வேகவேண்டும் என்பதற்காக நான் நிற்கவில்லை. மின்விசிறி இருந்தால் போட்டுக்கொள்வேன், நிர்வாகத்திடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. போட்டுக்கொண்டால் துணி வெளுக்காது என்று உலகத்தில் எந்தச் சலவைக்காரியும் சொல்லமாட்டாள். ஆணி பிடித்துப்போயா அவர் சிலுவைக்குப் போனார்? ஆட்களைப் பிடித்துப்போய்த்தானே போனார்? இந்த வித்தியாசம் உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

இப்போது மற்ற விஷயம். நேற்று மதியம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, சொல்லாமல் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

"சின்னவனுக்காகத்தானே?"

"அவனுக்கென்ன? அவன் நல்லாத்தான் இருக்கான்."

"அப்ப யாருக்காக?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன. "பெரியவளே, ஒவ்வொரு திருவிருந்துக்கும் என்னச் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போய் உள்ள விட்டுட்டு, நீ வெளி பெஞ்சுல உக்காந்திருப்ப. அப்பத்த வாயில வெக்கறப்பல்லாம் ஜன்னல் வழியா ஒன் முதுகு தெரியும். நான் எப்படி முழுங்குவேன்? இப்ப என்னால நடக்க முடியல, பாட முடியல. எங்கிட்ட மிச்சம் இருக்கறது இந்த வலி ஒண்ணுதான். அத ஒனக்குன்னு அவர்கிட்டக் குடுத்துட்டேன். நீ உள்ள வந்துடணும், அவ்வளவுதான்."

எழுந்து போய் அலமாரிக்கு அடியில் துழாவி அந்த மாத்திரையை எடுத்தேன். எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

உனக்கு முதலிலிருந்தே தெரியும். அவள் உன்னைக் கேட்டிருப்பாள், இப்படி வேண்டிக்கொள்ளலாமா என்று. நீ என்ன சொன்னாய்? அந்த "நேசிக்கிற ஒருவர்" யார் என்று தெரிந்துகொண்டேதான் மேடையேறினாயா?

நான் ஏன் வெளியே உட்கார்ந்தேன் என்பதும் உனக்குத் தெரியும். லாரியில் அடிபட்டு முனகி முனகிச் செத்த என் வீட்டுக்காரரின் குழிக்குப் பக்கத்தில் புது அங்கி போட்டுக்கொண்டு நின்று, கர்த்தர் தாம் அன்பு வைத்தவர்களைத்தான் அடிப்பார் என்று சொன்னது வேறு யாரும் இல்லை. அங்கியைக்கூட நான்தான் வெளுத்துக் கொடுத்தேன்.

பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? நீ எப்படி இருக்கிறாய்?

ஒரு வழி தோன்றுகிறது. கோபிக்காமல் கேள். அங்கே உள்ள போதகரை வீட்டுக்கு வரச் சொல்கிறேன். அம்மாவுக்குத் திருவிருந்து கொடுப்பார். பக்கத்தில் நீயும் உட்கார்ந்து ஒரு துண்டு அப்பமும் ஒரு மடக்கு ரசமும் எடுத்துக்கொள். அம்மாவின் வேண்டுதல் நிறைவேறிவிடும், மாத்திரையும் சாப்பிடுவார்கள். உனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கப்போவதில்லை. அம்மாவுக்காக இதைச் செய்யமாட்டாயா?

தம்பி


மே 3

போதகர் ஐயாவுக்கு,

யாரும் கேட்கப்போவதில்லையா? நீ கேட்க மாட்டாய், சரி. அவர்? அந்த மேஜை யாருடையது? அம்மாவை ஏமாற்ற நான் பொய்க்கு மெல்லவேண்டும், நீ அதற்கு ஜெபம் வேறு பண்ணுவாய். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நான் அந்த அப்பத்துக்குக் கொடுக்கிற மரியாதைகூட உன்னிடம் இல்லை.

என்னைக் கேட்டீர்களா, இருவரில் ஒருவராவது? என் பெயரைச் சொல்லி ஒருத்தி வதைபடுகிறாள், அவளுக்குக் குடிக்கக் கொடுப்பவளும் நான், துடைப்பவளும் நான், அவள் கடித்த துண்டைத் துவைப்பவளும் நான். எனக்காக என்று சொல்லி என்னைத்தான் கொல்கிறீர்கள். கிழவி பல் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கடித்தால் மகளை உள்ளே விடுகிறேன் என்று ஒரு கடவுள் மேலே உட்கார்ந்திருந்தால், அவர் வீட்டு வாசலில்கூட நான் உட்காரமாட்டேன். பெஞ்சையும் விட்டு எழுந்து வந்துவிடுவேன். ஆனால் சிலுவையில் தொங்கினவர் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. அவரைச் சாட்டையாக்கி எங்கள் முதுகில் வீசுகிற உன் மேல்தான் கோபம்.

இன்றைக்கு அம்மாவின் வேதப்புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். பக்தியில் எடுத்தேன் என்று சந்தோஷப்படாதே. உன்னை அடிக்க ஒரு கம்பு வேண்டும், அதைத் தேடத்தான். கசப்பு ரசத்தை அவர் வேண்டாம் என்று சொன்னது மட்டும்தான் அங்கே இருக்கிறதா என்று நானே பார்க்கிறேன்.

அக்கா


மே 5

தம்பி,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். கம்பு கிடைத்துவிட்டது.

நீ சொன்னது உண்மைதான். ஆணி அடிக்கும் முன்பு நீட்டியதை அவர் குடிக்கவில்லை. ஆனால் நீ அங்கேயே பிரசங்கத்தை முடித்துவிட்டாய். கடைசியில் என்ன நடந்தது? தாகமாக இருக்கிறது என்று அவரே வாயைத் திறந்து கேட்கிறார். யாரோ பஞ்சைப் புளித்த ரசத்தில் தோய்த்து உதட்டுக்கு நீட்டுகிறார்கள். அவர் வாங்கிக்கொள்கிறார். வாங்கிக்கொண்ட பிறகுதான் எல்லாம் முடிந்தது என்கிறார். இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னொரு சுவிசேஷத்தில் இருக்கிறது! இத்தனை வருஷம் படித்தவன் நீ, அதுவரை பக்கத்தைத் தள்ள உனக்குக் கை வரவில்லையா?

ஆத்திரத்தோடு அம்மாவின் அறைக்குள் போனேன். நின்றபடியே, ஏறக்குறைய கத்தித்தான் வாசித்தேன். முடித்துவிட்டு, "கேட்டியா? அவரே கேட்டு வாங்கிக் குடிச்சிருக்கார். எல்லாம் முடிஞ்சதுன்னு அவர் சொன்னப்புறம் நீ யாரும்மா புதுசா ஆரம்பிக்க?" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

"அழாத. நான் ஒண்ணும் திருந்தி வாசிக்கல. கோவத்துல வாசிக்கறேன்."

"எதுல வாசிச்சா என்ன, வாசி."

அப்போதுதான் மேலே இருந்த வரிகளில் என் கண் பட்டது. சிலுவைக்குப் பக்கத்தில் அவருடைய தாய் நின்றார்கள் என்று இருக்கிறது. அவ்வளவுதான், வேறு விவரம் இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, கீழ நின்னாங்களே அந்த அம்மா, அவங்களப் பத்தி யாராவது பிரசங்கத்துல சொன்னாங்களா? நீ மேல ஏறிக்கிட்ட. என்னக் கீழ நிறுத்திட்ட. அவங்க கையில ஒரு மாத்திர இருந்திருந்தா மகனுக்குக் குடுக்காம இருந்திருப்பாங்களா? என் கையில இருக்கும்மா. வெச்சுட்டே நிக்கறேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். விரலை விட்டு நாக்குக்கு அடியில் பார்த்தேன். "சந்தேகப்பிராணி" என்று திட்டினாள்.

மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் முகம் இளகிற்று. அப்போது என்ன சொன்னாள் தெரியுமா? "பாத்தியா, நான் பட்டது வீண் போகல. ஒன்ன வாசிக்க வெச்சுட்டார்." எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உன் வலி ஒரு மண்ணும் செய்யவில்லை, என் ஆத்திரம்தான் வாசித்தது என்று வாய்வரை வந்தது. அவள் மாத்திரையை விழுங்கிவிட்டாள், நானும் என் பதிலை விழுங்கினேன். பைகளின் தையலை இன்றைக்குப் பிரித்துவிட்டேன்.

நாளைக்கு மேற்கொண்டு வாசிக்கவேண்டுமாம். வாசித்தால்தான் மாத்திரையாம். உன்னிடம் கற்றுக்கொண்ட பேரம்.

அக்கா


மே 20

அன்பான அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை மேடையில் நின்று மீதிப் பாதியைச் சொன்னேன். உன் துண்டைக் கையில் வைத்திருந்தேன். பதிவு செய்யவில்லை. பிரசங்கம் நன்றாக இல்லை என்று சபை மூப்பர்கள் சொன்னார்கள். நடுவில் எனக்குப் பேச வரவில்லை.

அம்மா கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்று கேட்டிருந்தாய். அத்தானின் அடக்கத்தில் நான் சொன்னதைப் பற்றியும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் பதில் எழுதினேன். படித்துப் பார்த்தேன், அதுவும் பிரசங்கமாகவே இருந்தது. கிழித்துவிட்டேன்.

வருகிறேன். புதன்கிழமை பஸ்.

தம்பி


ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்த விவரம் கிடைத்தது. பிள்ளைகளின் காய்ச்சல் இறங்கிவிட்டதா? நான் சுகம். வேலைக்குப் போய்வருகிறேன். மின்விசிறி இன்னும் வரவில்லை.

அம்மாவைப் புதைத்த அன்று குழிக்குப் பக்கத்தில் நீ வாயே திறக்காமல் நின்றாய். ஜெபத்தைக்கூட இங்குள்ள போதகரிடம் விட்டுவிட்டாய். சபைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், பெற்ற தாய்க்கு ஒரு வார்த்தை பேசவில்லையே என்று. நான் அதைக் கவனித்தேன் என்று உனக்குத் தெரியவேண்டும், அதனால் எழுதுகிறேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இத்தனை வருஷக் கோபம் ஒரு அலசலில் போகாது.

போன ஞாயிறு திருவிருந்து. பழக்கதோஷத்தில் கால் அங்கே போய்விட்டது. உள்ளே கொண்டுபோய் விட ஆள் இல்லை. பெஞ்ச் மழையில் நனைந்திருந்தது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அப்பத் தட்டு வந்தது. வாங்கிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பெஞ்ச் காலியாக இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. வேறு எதுவும் கற்பனை பண்ணாதே.

அம்மா கடைசியாகப் போட்டிருந்த நைட்டியைத் துவைக்காமல் வைத்திருந்தேன். வாசனைக்காக என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன். அது பொய். பையைத் தடவப் பயமாக இருந்தது. கடைசி நாட்களில் சத்தமே இல்லாமல் தூங்கினாளே, அது நிஜத் தூக்கமா, இல்லை எனக்காக மறுபடியும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாளா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியாமல் எனக்காக அவள் துடித்திருந்தால் அவளை நான் மன்னிக்கவே மாட்டேன் என்று நினைத்தேன்.

இன்று காலை வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, அதை எடுத்துப் பையைத் தடவினேன். கைக்குட்டை முடிச்சு தட்டுப்பட்டது. தரையில் உட்கார்ந்து பல்லால் கடித்துத்தான் முடிச்சை அவிழ்க்க முடிந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை.

அக்கா